வைவாவில் பெஸ்ஸல் கற்றையா? முதலில் கூம்பை வரையுங்கள்

ஆராய்ச்சிப் படிப்புக்கான காம்ப்ரிஹென்சிவ் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிவு நேற்று வந்தது. தேர்ச்சி பெற்றுவிட்டேன். நிம்மதியாக மூச்சு விட முடிகிறது. எழுத்துத் தேர்வைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வைவாவில் பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொண்டது வடிவம் கலையாமல் செல்லும் லேசர் கற்றைகள்தான்.

முதல் கேள்வியே பொறி: "காஸியன் கற்றையும் வடிவம் மாறாமல்தானே போகிறது?" மாறுவதில்லை, ஆனால் சாதாரண லேசர் தரும் அந்தக் காஸியன் கற்றையின் அகலம் கூடிக்கொண்டே போகும். பெஸ்ஸல் கற்றையில் (நடுவே ஒரு பிரகாசமான புள்ளி, அதைச் சுற்றி வளையங்கள்) அகலமும் மாறாது. ஏன் என்று கேட்டால் அலைகளுக்கான ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டில் இறங்காதீர்கள். பலகையில் ஒரு கூம்பு வரையுங்கள். அதன் பரப்பின் வழியே சமதள அலைகள் அச்சுக்கு ஒரே கோணத்தில் சாய்ந்து வருகின்றன. முன்னே செல்லச் செல்ல எல்லாவற்றின் கட்டமும் (அலையின் ஏற்ற இறக்க நிலை) ஒரே அளவு கூடுகிறது. ஒன்றுக்கொன்று உள்ள கட்ட வேறுபாடு மாறாததால் குறுக்கீட்டுக் கோலமும் மாறுவதில்லை. 1987இல் பெஸ்ஸல் கற்றையைச் சோதனையில் உருவாக்கிய டர்னின் குழு லென்ஸின் குவியத்தளத்தில் வளையப் பிளவு வைத்தது ஏன் என்பதும் இதே படத்தில் விளங்கிவிடும். சூத்திரத்தை மனப்பாடம் செய்து போனவர்களை அந்த அறையில் துளைத்தெடுத்துவிட்டார்கள். அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கையால் கணக்கிட்டுப் பாருங்கள்: அடிக்கோணம் 1 டிகிரி, ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட ஆக்ஸிகான் (கூம்பு வடிவ லென்ஸ்), ஹீலியம்-நியான் லேசர், உள்ளே வரும் கற்றையின் ஆரம் 2 மி.மீ.
- கூம்பின் சாய்வு: சுமார் அரை டிகிரி
- நடுப்புள்ளியின் ஆரம்: சுமார் 28 மைக்ரோமீட்டர்
- கற்றை நிலைக்கும் தூரம்: சுமார் 23 செ.மீ.
- அதே 28 மைக்ரோமீட்டர் இடை ஆரமுள்ள காஸியன் கற்றையின் ராலே தூரம் (குறுக்குப் பரப்பு இரட்டிப்பாகும் தூரம்): 4 மி.மீ.கூட இல்லை

கடைசி இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதியபோதுதான் தேர்வாளர் ஒருவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியானால் விளிம்பு விளைவை (ஒளி பரவி விரிவதை) பெஸ்ஸல் கற்றை வென்றுவிட்டதா?" என்று அடுத்துக் கேட்பார்கள். இல்லை. ஒவ்வொரு வளையமும் ஏறக்குறைய நடுப்புள்ளி அளவுக்கே ஆற்றலைச் சுமக்கிறது. முழுமையான பெஸ்ஸல் கற்றைக்கு எல்லையற்ற ஆற்றல் வேண்டும்; நம்மிடம் இருப்பது வெட்டப்பட்ட துண்டு. நடுவில் 0.1 மி.மீ. ஆரமுள்ள தடையை வைத்தால் சுமார் 11 மி.மீ. தாண்டிக் கற்றை மீண்டும் உருவாகிறது. நிழலின் நீளத்தையும் அதே கூம்பிலேயே வரைந்து காட்டலாம்.

வடிவம் கலையாத இன்னொரு வகையான ஏரி (Airy) கற்றைக்கு 1979 (பெர்ரி, பாலஸ் ஆகியோரின் கோட்பாடு), 2007 (ஒளியில் முதல் சோதனை) ஆகிய ஆண்டுகளும், முதன்மை முகடு பரவளையப் பாதையில் வளைந்தாலும் ஆற்றல் மையம் நேர்கோட்டில்தான் செல்லும் என்ற செய்தியும் போதும்.

ஆய்வகத்தில் ஆக்ஸிகானைத் தொட்டவர்கள் அதன் முனை மழுங்கியிருப்பதால் அச்சில் செறிவு ஏறி இறங்குவதை நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கள். என் வைவாவில் அதன்பின் கேள்விகளின் கடுமை குறைந்தது.