மோர் கேட்ட தாயைத் தேடி நண்பனோடு ஒரு நடைப்பயணம்

வேளாங்கண்ணித் திருத்தலத்தின் வரலாற்றைச் சொல்லுகிறவர்கள், நடுத்திட்டில் மோர் விற்ற சிறுவன் எழுந்து நடந்த கட்டம் வந்ததும் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவார்கள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நடுத்திட்டு என்ற மேட்டில், ஆலமர நிழலில் உட்கார்ந்து வழிப்போக்கர்களுக்கு மோர் விற்றுவந்த அந்த ஏழைக் கைம்பெண்ணின் மகன் கால் முடங்கியவன் என்றும், கையில் குழந்தையை ஏந்திய பேரழகுப் பெண்ணொருத்தி அவன்முன் தோன்றினாள் என்றும், அவள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுந்தவன் நாகப்பட்டினம்வரை ஓடிச்சென்று அங்கிருந்த செல்வந்தரிடம் மாதாவுக்கு ஒரு கோயில் கட்டும்படி அறிவித்தான் என்றும் மரபு சொல்லுகிறது. எனக்கோ சிறுவயதிலிருந்தே இந்த வரலாற்றில் அதற்கு முந்திய கட்டமே நெஞ்சில் தங்கியிருக்கிறது. அந்தத் தாய் அவனைக் குணமாக்குவதற்கு முன், தன் குழந்தைக்குக் கொஞ்சம் மோர் வேண்டுமென்று அவனிடம் கேட்டாள், அவனும் கொடுத்தான். எழுந்து நிற்க முடியாதவனாக இருந்தபோதே விண்ணகத்து அரசி அவனிடம் கைநீட்டி ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

இளம்பிள்ளை வாதம் என் இரு கால்களையும் பறித்துக்கொண்டது எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பு. பள்ளிக்காலம் முழுவதும் காலைத் தாங்கும் சட்டமான காலிப்பரும் ஊன்றுகோலும் துணையாக இருந்தன; தோள்மூட்டுகள் தேய்ந்த பிறகு சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டேன். என் நண்பனும் நானும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பங்கு ஆலயத்தில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியவர்கள். பள்ளிக்கு என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போனவன் அவன். இப்போது கொத்தனார் வேலை செய்கிறான். சிமெண்டு அரித்துக் காய்த்துப்போன அவன் உள்ளங்கைகளை என் நாற்காலியின் பின்பிடிகள் நன்றாக அறியும். வேளாங்கண்ணிக்கு நடந்துபோக வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதை அவனிடம் சொன்னபோது, எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும்தான் கேட்டான். நாகப்பட்டினத்திலிருந்து தொடங்குவோம் என்றேன். 2010 முதல் வேளாங்கண்ணிவரை ரயில் செல்கிறது என்றாலும், அந்த மோர்ச் சிறுவன் ஓடிய தூரத்தையாவது நாங்கள் எதிர்த்திசையில் கடந்து வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

பயணத்துக்கு முன்பே பலர் அன்போடு சொன்ன ஒரு சொல் என்னை வருத்தியது. “விசுவாசத்தோட கேளுங்க, மாதா கட்டாயம் நடக்க வைப்பா” என்றார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள், இத்தனை ஆண்டுகள் நான் நடக்காமல் இருப்பது என் விசுவாசக் குறைவால்தான் என்ற தீர்ப்பு ஒளிந்திருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவத்தால் என்று சீடர்கள் கேட்டபோது, இவருடைய பாவமும் அல்ல, இவருடைய பெற்றோரின் பாவமும் அல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொன்னதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் பதிவுசெய்திருக்கிறது. திருத்தூதர் பவுல் தம் உடலில் தைத்த முள்ளை அகற்றும்படி மூன்று முறை மன்றாடினார்; முள் அகலவில்லை, அருள் போதும் என்ற விடைதான் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? நான் அற்புதங்களை நம்புகிறேன். அவை நிகழாதவர்களையும் கடவுள் கைவிடவில்லை என்பதை அதைவிட உறுதியாக நம்புகிறேன்; என் வாழ்க்கை அந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது.

திருவிழாக் கொடியேற்றம் ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 அன்று நடைபெறும். அதற்கு முந்திய வாரத்தின் ஒரு சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் பாதி வழியைக் கடந்துவிட வேண்டுமென்று, இருள் பிரியுமுன்பே நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டோம். சாலையில் நாங்கள் தனியாக இல்லை. சென்னையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பல நாள் நடந்து வந்த காவியுடைக் கூட்டங்கள், மாதா சுரூபம் வைத்த சின்னஞ்சிறு சப்பரங்களை இழுத்துக்கொண்டு, ‘மரியே வாழ்க’ என்ற முழக்கத்தோடு எங்களைக் கடந்து சென்றன. கொப்புளம் வெடித்த பாதங்களில் துணிக்கட்டுப் போட்டிருந்த இளைஞர்கள் சிலர், என் நாற்காலியைக் கண்டதும், தாங்கள் கொஞ்ச தூரம் தள்ளிவருவதாகக் கேட்டார்கள். நண்பன் முதலில் மறுத்தான். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிடியை விட்டுக்கொடுத்தான்.

செபமாலையை நான் முன்மொழிய, அவன் பதில் சொல்லிவந்தான். ‘அருள்நிறைந்த மரியே வாழ்க’ என்ற முற்பாதி என்னுடையது, ‘புனித மரியே, இறைவனின் தாயே’ என்ற பிற்பாதி அவனுடையது. செபமாலையில் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகளான மறையுண்மைகளின் வரிசை அவனுக்கு எப்போதும் குழம்பும் என்பதால் சிறுவயது முதலே எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு. சனிக்கிழமைக்குரியவை மகிழ்ச்சி மறையுண்மைகள். அவற்றில் இரண்டாவது, மரியா எலிசபெத்தைச் சந்தித்தது. முதிர்வயதில் கருவுற்ற உறவினருக்குத் துணையாக இருப்பதற்காக ஓர் இளம்பெண் யூதேய மலைநாட்டை நோக்கி விரைந்து சென்ற பயணம் அது. பாலம் ஏறும் இடங்களில் நண்பனுக்கு மூச்சிரைத்துப் பதில் தாமதமாகும். நான் அடுத்த மணிக்குப் போகாமல் காத்திருப்பேன்.

இப்படிப்பட்ட பயணங்களில் யாரும் எழுதாத ஒரு சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை வாசலில் படி இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு அது பூட்டிய கதவுக்குச் சமம். அதனால் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. நண்பன் அதை அறிந்தவன். தேவைப்படும் இடத்தில் என்னைக் கைகளில் ஏந்திச் செல்லத் தயங்காதவன். “குடிடா, நான் இருக்கேன்ல” என்று அவன் பாட்டிலை நீட்டும்போது, நட்பைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த மூன்று சொற்கள் பெரிதாகத் தெரிந்தன.

வெயில் ஏறிய பிறகு, சாலையோரத்தில் கீற்றுப் போட்ட நீர்மோர்ப் பந்தல் ஒன்றில் ஒதுங்கினோம். நடந்து வரும் பக்தர்களுக்காக அந்த ஊர்க்காரர்கள், நெற்றியில் திருநீறு பூசிய இந்துக்கள், வைத்திருந்த பந்தல் அது. கொத்தமல்லித்தழையும் பச்சைமிளகாயும் மிதக்கும் பெரிய அண்டாவின் முன் நின்ற வயதான அம்மா ஒருவர், குனிந்து குனிந்து மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். நான் குடித்து முடித்துத் தம்ளரை நீட்டியபோது அவர் என்னைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், பிறகு, “தம்பி, இடுப்பு ஒடியுது, சித்த நேரம் நீங்க மொண்டு குடுக்கிறீங்களா?” என்று கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அண்டாவின் விளிம்பு சரியாகக் கைமட்டத்தில் இருந்தது. நண்பன் தம்ளர்களைக் கழுவி நீட்ட, நான் மொண்டு கொடுத்துக்கொண்டே இருந்தேன். வரிசையில் வந்த காவியுடைக்காரர்கள் வாங்கிக் குடித்துவிட்டு ‘மரியே வாழ்க’ என்றார்கள்; ஒரு சிறுமி இரண்டாம் முறை வந்து, தம்பிக்கு வேண்டும் என்று வாங்கிப்போனாள். என்னிடம் பரிவு காட்டியவர்களைப் பட்டியலிட என்னால் முடியாது, அவ்வளவு பேர். என்னிடம் உதவி கேட்டவர்கள் மிகச் சிலரே. அந்த அம்மாவுக்கு நடுத்திட்டு வரலாறு தெரிந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்று என் இதயம் முழுவதும் நன்றியால் நிறைந்திருந்தது.

பேராலயத்தின் வெண்கோபுரங்கள் தெரிந்தபோது நண்பன் நாற்காலியை நிறுத்திவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தான். சீனாவின் மக்காவ் துறைமுகத்திலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற போர்த்துகீசிய வணிகர்கள் புயலில் சிக்கி, மாதாவின் பிறந்த நாளான செப்டம்பர் 8 அன்று இக்கரையில் பத்திரமாக ஒதுங்கி, நன்றியாக எழுப்பிய ஆலயம் இத்திருத்தலத்தின் தொடக்ககாலக் கட்டடமாகச் சொல்லப்படுகிறது. 1962-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் இதனைப் பேராலயமாக உயர்த்தினார். திருவிழாக் கூட்டத்தில் உள்ளே போய்வருவது எளிதாக இல்லை. சேலை உடுத்திக் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் ஆரோக்கிய மாதாவின் முன் எங்களுக்குக் கிடைத்தது சில நொடிகளே.

கடற்கரைப் பக்கம் சென்றபோது நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை இதே கரையில் பல நூறு யாத்ரீகர்களைக் கொண்டுபோனது. அவர்களும் இந்தத் தாயைத் தேடி வந்தவர்களே. காப்பாற்றப்பட்டவர் ஏன் காப்பாற்றப்பட்டார், மற்றவர் ஏன் மாண்டார் என்பதற்கு என்னிடம் விடையில்லை. விடை இருப்பதாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதுமில்லை. அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

பேராலயத்தையும் மாதா குளத்தையும் இணைக்கும் புனிதப் பாதை மணல் பரப்பியது. நேர்ச்சை வைத்தவர்கள் அதில் முழங்காலால் நடப்பார்கள். நாற்காலியின் முன்னால் உள்ள சிறிய சக்கரங்கள் மணலில் இறங்கிய உடனே புதைந்துவிட்டன. நண்பன் தள்ளத் தள்ள அவை இன்னும் ஆழமாக மூக்கைக் குத்தின. கட்டடவேலையில் மணல்மேல் தள்ளுவண்டி கொண்டுபோய்ப் பழகியவன் அல்லவா, சற்றும் கலங்காமல் நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி, முன்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி சாய்த்து, பெரிய சக்கரங்களை மட்டும் மணலில் உருட்டிப் பின்னோக்கி இழுக்கத் தொடங்கினான். ஆகவே அந்தப் பாதை முழுவதையும் நான் முதுகு காட்டியபடியே கடந்தேன். என் முகம், எனக்குப் பின்னால் முழங்காலால் வந்துகொண்டிருந்தவர்களை நோக்கி இருந்தது. முழங்காலில் துணிசுற்றிக்கொண்ட இளம்பெண் ஒருத்தி, கையில் பச்சைக்குழந்தையோடு, ஓர் அடி வைப்பதும் நிற்பதுமாக வந்தாள். அவள் கணவன் அவளுக்கு முன்னால் மணலில் கிடந்த கற்களைக் கையால் ஒதுக்கிக்கொண்டே சென்றான். வழக்கமாக எல்லாரும் நின்று பேச, நான் அண்ணாந்து பார்ப்பேன். அன்று அந்தப் பாதையில் எல்லாருடைய கண்களும் என் கண்மட்டத்தில் இருந்தன. அந்தப் பெண் என்னைப் பார்த்து, தன் குழந்தைக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்னாள். செபமாலையின் அடுத்த பத்து மணிகளுக்குரிய செபத்தை நான் அந்தக் குழந்தைக்காக முன்மொழிந்தேன். பின்னாலிருந்து நண்பனும், முன்னாலிருந்து அவளும் அவள் கணவனும் பதில் சொன்னார்கள்.

மாதா குளத்திலும் ஒரு சிறுவனின் வரலாறு உண்டு. பால் கொண்டுபோன அவனிடமும் அந்தத் தாய் தன் குழந்தைக்குப் பால் கேட்டாள். அவன் கொடுத்த பிறகும் பானை நிறைந்தே இருந்தது என்பார்கள். அங்கே தீர்த்தம் வாங்கிக்கொண்டு நடுத்திட்டுக்கு வந்தோம்.

நான் மிகவும் நேசிக்கும் இடம் அதுதான். என் கால்களுக்காக நான் அங்கே கேட்கவில்லை. கேட்பது தவறு என்பதால் அல்ல, சொல்வதற்கு வேறு நிறைய இருந்தது. நண்பனின் மகளுடைய படிப்பு, அவன் தோளில் இரவெல்லாம் குத்தும் வலி, மழைக்காலத்தில் வேலையில்லாத அவன் வீட்டு நிலைமை, மோர்ப்பந்தல் அம்மாவின் இடுப்பு, மணற்பாதையில் வந்த குழந்தை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அந்தத் தாயிடம் சொன்னேன். நண்பன் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தான். அவன் என் கால்களுக்காகத்தான் வேண்டியிருப்பான். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அவனைத் தடுக்க எனக்கு உரிமையில்லை.

காணிக்கைப் பொருள்கள் விற்கும் கடையில், நாங்கள் வாய்திறக்கும் முன்பே கடைக்காரர் கால் உருவம் பொறித்த தகட்டை எடுத்து என்முன் வைத்தார். கை உருவம் வேண்டும் என்றேன். அவர் வியப்போடு என் கைகளைப் பார்த்தார். நண்பனின் கைகளுக்காக என்று சொன்னதும், ஒன்றுக்கு இரண்டாக எடுத்துத் துடைத்து, ஒன்றின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் பங்கில், மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட பிறகு வீட்டைவிட்டு வெளியே வராத ஒருவர் இருக்கிறார். அடுத்த ஆண்டு அவரையும் அழைத்துச் செல்ல வேண்டுமென்று ரயிலில் திரும்பும்போதே நண்பன் சொல்லிவிட்டான். அவர் என்னைவிட நல்ல உடல்வாகு உள்ளவர். மணலில் பின்னோக்கி இழுக்க இரண்டுபேர் வேண்டும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர் என்பதால், புண் வராமலிருக்கக் காற்றடைத்த மெத்தை வேண்டும். வழியில் அடிக்கடி நிறுத்தித் தூக்கி உட்கார வைக்கவும் வேண்டும். பங்கின் இளைஞர் குழுவிடம் பேசியிருக்கிறோம். அவர் நல்ல குரல்வளம் உள்ளவர் என்பதால், செபமாலையை அவரையே முன்மொழியச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.