மன்னிப்பே இல்லாத பாவமும் பூண்டி மாதாவும்

எங்கள் வீட்டில் வேண்டுதல் செலுத்துவதென்றால் வேளாங்கண்ணி, மனக்குறையைக் கொட்டுவதென்றால் பூண்டி. வேளாங்கண்ணியில் கடல், முடிக்காணிக்கை, லாட்ஜ், வறுத்த மீன் என்று கொஞ்சம் சுற்றுலா வாடையும் சேர்ந்துகொள்ளும். பூண்டி காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் வாழையும் நெல்லும் சூழ்ந்த சின்ன ஊர். 1999-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட கோயில்தான். ஆனாலும் மே மாதத் திருவிழாவை விட்டுவிட்டால் வார நாட்களில் ஆற அமர உட்கார்ந்து செபிக்கலாம்.

அத்தைதான் கேட்டார். "இந்தத் தவக்காலத்துல ஒருதடவ பூண்டிக்குக் கூட்டிட்டுப் போ தம்பி. நல்லதா ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணணும்." அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற அந்தப் பாவசங்கீர்த்தனத்தை அவர் செய்து நான் பார்த்ததில்லை. பூசைக்குத் தவறாமல் வருவார். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கிற நேரத்தில் மட்டும் பெஞ்சை விட்டு எழமாட்டார். வரிசைக்குப் போகிறவர்களுக்கு வழிவிட முழங்காலை ஒருபக்கமாகச் சாய்த்து, சேலைக் கொசுவத்தைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொள்வார். எல்லோரும் திரும்பி வரும்போது மறுபடியும் அதே சாய்ப்பு. எங்கள் சின்ன வயதில், அவருக்கு முழங்கால் வலி என்றுதான் எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

கண்டியூரில் திரும்பி நடுக்காவேரி வழியாகப் போனோம். மார்ச் மாதம். மேட்டூரை ஜனவரி 28-ல் மூடிவிட்டால் அப்புறம் ஆற்றில் மணலும் கோரையும்தான். அறுப்பு முடிந்த தரிசில் உளுந்து காய்த்துக் கிடந்தது. வண்டி ஓட்டிய தம்பி இந்து. அவருடைய அம்மா வருஷம் தவறாமல் பூண்டியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவராம். "எங்களுக்கு சமயபுரமும் பூண்டியும் ஒண்ணுதாண்ணே" என்றார். அத்தைக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. அவர் மனசு வேறெங்கோ இருந்தது.

கிளம்பும்போதே வீட்டில் ஒரு சின்ன சண்டை. அத்தையின் மகன், எனக்கு அத்தான் முறை, சில வருஷங்களாக வேறொரு சபைக்குப் போகிறார். வாசலில் நின்றுகொண்டு, "மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்துறது பிசாசுக்கு ஏத்துறதும்மா. அங்க நடக்கிற அற்புதம் எல்லாம் அவன் வேலை" என்று சொல்லிவிட்டார். அவருடைய சபையில் எல்லோரும் இப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. எங்கள் பக்கமும் வாய் சுத்தம் என்று சொல்ல முடியாது. கத்தோலிக்கர்களான எங்களுக்கும் புராட்டஸ்டண்ட் சபைகளுக்கும் நடுவில் இந்தச் சண்டைக்கு வயது முந்நூறு. தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக முழுசாக அச்சானது இதே டெல்டாவின் கடலோரத்தில், 1715-ல் தரங்கம்பாடியில், லுத்தரன் மிஷனரி சீகன்பால்கின் அச்சுக்கூடத்தில். அதே காலத்தில் இந்தப் பக்கம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர் கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர். பூண்டியின் பழைய கோயிலை அவர் எழுப்பியதாகத்தான் ஊரில் சொல்வார்கள். அவர் தேம்பாவணி பாடியதோடு நிற்கவில்லை, தரங்கம்பாடிக்காரர்களைக் கண்டித்துக் காரசாரமாக உரைநடையும் எழுதினார். இரண்டு தரப்பும் சிலுவையைத்தான் வைத்திருந்தன.

நாங்கள் போய்ச் சேர்ந்தது தவக்காலத்தின் மூன்றாம் வார வியாழன். வண்டி கிடைத்த நாள் அது, அவ்வளவுதான். அன்றைய நற்செய்தி வாசகம் லூக்கா 11. பேச்சிழந்த ஒருவனிடமிருந்து இயேசு பேயை ஓட்டுகிறார், அவன் பேசுகிறான். கூட்டம் வியந்து நிற்க, சிலர் மட்டும் "பேய்களின் தலைவன் பெயல்செபூலைக் கொண்டுதான் இவன் பேய் ஓட்டுகிறான்" என்கிறார்கள். வாசகம் முடிந்ததும் அத்தையின் கை செபமாலையை இறுக்கிப் பிடித்தது. எனக்குக் காரணம் புரியவில்லை.

பூசை முடிந்து வெளியே நிழலில் உட்கார்ந்ததும் அவரே சொன்னார். முதல் பிள்ளை ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனது. மூன்றாம் நாள் வீட்டில் செபம் சொல்ல வந்தவர்கள் "தூய ஆவியாரே, தேற்றரவாளரே" என்று ஆரம்பித்ததும் இவர் எழுந்து நின்று, ஆவியாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாரும் வெளியே போங்கள் என்று கத்தியிருக்கிறார். அப்புறம் அதையே மறந்தும் போயிருக்கிறார். கொஞ்ச வருஷம் கழித்து யாரோ ஒரு பிரசங்கியார், பரிசுத்த ஆவிக்கு விரோதமாகப் பேசினவனுக்கு இந்த உலகத்திலும் மன்னிப்பில்லை, வரப்போகிற உலகத்திலும் மன்னிப்பில்லை என்று மைக்கில் முழங்கியது காதில் விழுந்திருக்கிறது. அன்று முதல் பெஞ்சை விட்டு எழவில்லை.

"வசனம் அப்படித்தானே இருக்கு?" என்றார்.

இருக்கிறதுதான். மத்தேயு 12-ல், மாற்கு 3-ல், லூக்கா 12-ல். நயமாகச் சொல்லி மழுப்ப முடியாத வசனம். பழைய காலத் திருச்சபையின் பெரிய அறிஞரான புனித அகுஸ்தினாரே, மறைநூல் முழுவதிலும் இதைவிடக் கடினமான கேள்வி வேறு இருக்காது என்கிற அளவுக்குத் தம் மறையுரை ஒன்றில் திணறியிருக்கிறார். ஆனால் பிரசங்கியார் மைக்கில் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அந்த வசனத்தின் முதல் பாதி. மாற்கு நற்செய்தியில் இயேசு ஆரம்பிப்பதே மனிதர்களுடைய எல்லாப் பாவங்களும், அவர்கள் பேசுகிற எல்லாப் பழிச்சொற்களும் மன்னிக்கப்படும் என்றுதான். எவ்வளவு பெரிய வாக்குறுதி! அதை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. இரண்டாவது, யாரைப் பார்த்து அதைச் சொன்னார் என்பது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பார்த்து இல்லை. எருசலேமிலிருந்து வந்திருந்த மறைநூல் அறிஞர்களைப் பார்த்து. நன்றாகப் படித்தவர்கள், ஊரில் மரியாதை உள்ளவர்கள். கண்ணெதிரே ஒரு மனிதன் குணமாகிறான். அது நல்லது என்று தெரிகிறது. தெரிந்துகொண்டே அதைப் பேயின் வேலை என்கிறார்கள். 'இவனைத் தீய ஆவி பிடித்திருக்கிறது' என்று அவர்கள் சொன்னதால்தான் இயேசு இப்படிச் சொன்னார் என்று மாற்கு ஒரு வரி சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்.

திருச்சபையின் விளக்கமும் இந்த வழியில்தான் போகிறது. அகுஸ்தினார் கடைசியில் வந்து சேர்ந்த இடம், சாகும்வரை மனம் திரும்ப மறுக்கிற பிடிவாதம் என்பது. இடைக்கால இறையியல் அறிஞர் அக்குவினா தோமையார் இதை ஆறாகப் பிரித்தார். மீட்பில் நம்பிக்கை இழப்பதும், எப்படியும் மீட்பு கிடைத்துவிடும் என்ற மிதப்பும், தெரிந்த உண்மையை எதிர்ப்பதும், பிறர் அடைகிற அருளைப் பார்த்துப் பொறாமைப்படுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. (அந்தப் பொறாமையை நம் பங்குகளில் தேடினால் கிடைக்காமல் போகாது.) திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986-ல் தூய ஆவியாரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வாயால் ஒரு சொல்லைச் சொல்லிவிடுவது இந்தப் பாவம் ஆகாது, ஆவியார் வழியாகக் கடவுள் தருகிற மீட்பை வேண்டாம் என்று மறுப்பதே இந்தப் பாவம் என்று விளக்கினார். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் வாய்க்கால் வரைக்கும் வந்து நின்றாலும் வயல்காரன் மடையைத் திறக்கமாட்டேன் என்றால் வயல் காய்ந்துதான் கிடக்கும். தண்ணீர் வரவில்லை என்று அவன் யாரையும் குறை சொல்ல முடியாது.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதெல்லாம் படிச்சவங்க சொல்றது. நான் வாயால சொன்னேனே" என்றார். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. பவுல். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில், முன்பு நான் பழித்துரைத்தவன், துன்புறுத்தியவன், ஆனாலும் எனக்கு இரக்கம் கிடைத்தது என்று தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். அந்த மனிதர்தான் புனித பவுல். அவர் பேரில் ஊருக்கு ஊர் கோயில் இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் அத்தை அங்கேயே எடுத்தார். எங்கள் ஊரில் கடன் தாங்காமல் மருந்தைக் குடித்துவிட்டவர் ஒருவர் உண்டு. அவர் செய்தது மன்னிப்பில்லாத பாவம்தானே என்றார். பழைய தலைமுறை அப்படித்தான் நம்பியது. அதற்குக் காரணமும் உண்டு: 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், அறிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை முறைப்படியான அடக்கத்தை மறுத்தது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மன உளைச்சலும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்று மறைக்கல்வி ஏடு சொல்கிறது. திருச்சபை அவர்களுக்காகவும் வேண்டிக்கொள்கிறது. இது இன்னும் எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டே நரகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். காலேஜ் பையன் ஒருவன் போனில் எதையோ எழுதிவைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தான், பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிறவன் மாதிரி. அத்தையின் முறை வந்ததும் என் கையில் பையைக் கொடுத்துவிட்டுத் குரு உட்கார்ந்து கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி முழந்தாளிட்டார். தலையில் போட்ட முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். நேரம் ஆனது. வரிசையில் பின்னால் நின்ற அம்மா என்னை ஒரு முறை முறைத்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது குருவுக்குத்தான், செய்தவர் சொல்லலாம். ஆனாலும் அத்தையிடம் நானாக எதுவும் கேட்கவில்லை. லூர்து சேவியர் சாமியின் கல்லறைக்குப் போகும்போது அவரே ஆரம்பித்தார். அந்தக் குருவானவர் இந்தக் கோயிலில் பங்குத்தந்தையாக இருந்து 1972-ல் இறந்தவர். சுற்றுவட்டாரத்தில் அவரைப் புனிதராகவே நினைக்கிறார்கள். கல்லறை மேல் கையை வைத்துக்கொண்டு அத்தை சொன்னார்: "எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டாரு. 'சரிம்மா, இப்ப எதுக்கு வந்தீங்க?'ன்னாரு. மன்னிப்புக் கேக்கத்தான் சாமின்னேன். 'உங்களுக்குள்ள இருந்து மன்னிப்புக் கேட்டுட்டு வான்னு இத்தனை வருஷமா நச்சரிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? நீங்க வெளியே போகச் சொன்னீங்களே, அவர்தான். அவர் போகவே இல்ல'ன்னாரு."

"அப்புறம்?"

"பிள்ளையோட பேரைக் கேட்டாரு. யாரும் கேட்டதில்ல. அதுக்காக அடுத்த பூசையில வேண்டிக்கிறேன்னாரு. எனக்கு அபராதம் மூணு அருள்நிறை மந்திரம். வெறும் மூணு!" கடைசி வார்த்தையை ஏதோ புகார் சொல்வது போலத்தான் சொன்னார். இத்தனை வருஷத்துக்கு மூன்று போதுமா என்ற சந்தேகம் அவருக்கு. அதைத் தீர்த்துக்கொள்ள ஐம்பத்து மூன்று மணி செபமாலையையும் முழுசாகச் சொன்னார். நான் தடுக்கவில்லை.

அடுத்த பூசைக்கும் இருந்தோம். நன்மை நேரத்தில் எழுந்து என்னைத் தாண்டிப் போனார். இந்தத் தடவை முழங்காலைச் சாய்த்து வழிவிட்டது நான்தான். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "சாமி கை நடுங்குது, வயசாயிடுச்சு போல" என்று குசுகுசுத்தார். அவ்வளவுதான். கண்ணீர் எதுவும் இல்லை. எனக்குத்தான் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

வெளியே மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் குங்குமப் பொட்டோடு பெண்கள் நின்றிருந்தார்கள். எங்கள் டிரைவரும் அம்மா பேருக்கு ஒன்று ஏற்றினார். காற்றில் அணைந்துகொண்டே இருந்த அவருடைய திரியை, பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி தன் மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பற்றவைத்துக் கொடுத்தார். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். முகம் மாறியிருந்தது.

"தம்பி, அவன் காலைல சொன்னானே. இதெல்லாம் பிசாசு வேலைன்னு. அந்த மறைநூல் அறிஞருங்க சொன்னதும் அதேதானே?"

தன் கணக்கு தீர்ந்த கையோடு மகன் கணக்கைத் திறந்துவிட்டார். அத்தான் அறியாமல் பேசுகிறார், கடவுளுக்கு மட்டுமே போகவேண்டிய வணக்கம் மாதாவுக்குப் போகிறது என்று நினைத்துப் பேசுகிறார், பவுலும் அறியாமல் செய்ததாகத்தான் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். இன்னார் அந்தப் பாவத்தைச் செய்துவிட்டார் என்று விரல் நீட்டுகிற அதிகாரம் நமக்கில்லை என்றும் சொன்னேன். அத்தைக்கு அது போதவில்லை. "அந்த அறிஞருங்களுக்கு என்ன ஆச்சு? மன்னிப்பு கிடைச்சுதா, இல்லையா?"

மாற்கு அதைச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் செய்துவிட்டீர்கள், தொலைந்து போங்கள் என்று இயேசு அவர்களிடம் சொன்னதாகவும் எழுதவில்லை. அந்தப் பகுதியை வண்டியில் உட்கார்ந்து போனில் எடுத்து அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் எருசலேமிலிருந்து வந்து பழி சொல்கிறார்கள். அடுத்த வரியில் இயேசு அவர்களைத் தம்மிடம் வரவழைத்து உவமைகளால் பேசுகிறார். எச்சரிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"வரவழைச்சா?" என்றார். "மறுபடி படி."

படித்தேன். திருக்காட்டுப்பள்ளி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. கண்டியூர் வந்ததும் வண்டியைத் திருவையாற்றுப் பக்கம் திருப்பச் சொல்லி அரைக் கிலோ அசோகா அல்வா வாங்கினார். கடை வாசலிலேயே நின்றுகொண்டு மகனுக்குப் போன் போட்டார். பஸ் இரைச்சலில் பாதி தெருவுக்குக் கேட்கிற குரல்.

"டேய், ஞாயித்துக்கிழமை உன் செபம் எத்தனை மணிக்கு முடியும்? முடிஞ்சு நேரா வீட்டுக்கு வா. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா. ஆமா, பூண்டிக்குத்தான் போனேன், மெழுகுவர்த்தியும் ஏத்தினேன். அதை வந்து திட்டு. மொதல்ல வா."