பூங்காவில் நிற்கும் பால்மரம்

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பராமரிப்புப் பணிக்கு நான் சேர்ந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. மலேசியாவிலிருந்து ஜொகூர் பாலத்தைக் கடந்து வருபவன் என்பதால் அதிகாலை மூன்றரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். பூங்காவின் வாயில்கள் காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவில்தான் மூடப்படுகின்றன. மலாக்கா நீரிணையிலிருந்து விடியலுக்கு முன் வீசும் சுமத்ராக் காற்று அடித்து ஓய்ந்த நாள்களில், நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் கால் வைப்பதற்குள் பாதைகளில் விழுந்த கிளைகளை அகற்றியாக வேண்டும். அந்த இருட்டில் ஈர இலைகளை வாரும்போதெல்லாம், நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தன் பங்கு மர வரிசையான நிரைக்குப் புறப்பட்ட அம்மாவின் நினைவு வரும். அம்மா 31 ஆண்டுகள் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் வெட்டியவர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இது அன்னப்பறவைகள் நீந்தும் ஏரியும் பரந்த புல்வெளியும் கொண்ட அழகான இடம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இதன் வரலாறு புரிந்தது. 1859-இல் ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தங்ளின் பகுதியில் இதைத் தொடங்கியது. சங்கத்தின் காலத்தில் இது உலாவவும் மலர்க் கண்காட்சி நடத்தவுமான இடமாகவே இருந்தது. அன்ன ஏரி 1866-இல் வெட்டப்பட்டது. 1870-களில் காலனி அரசு பொறுப்பேற்ற பிறகுதான் பயிர் ஆராய்ச்சி இங்கே வேரூன்றியது. பூங்காவைவிட மூத்ததும் ஒன்று உள்ளே இருக்கிறது. ஏறத்தாழ 6 ஹெக்டேர் பரப்புள்ள மழைக்காடு அது. நகரத்தின் நடுவே, யாரும் நடாத அந்த மரங்களுக்குக் கீழே நுழைந்தால் வெயில் சட்டென்று மறைந்துவிடும்.

வருகையாளர்கள் தேடி வருவது பெரும்பாலும் தெம்புசு மரத்தைத்தான். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் இருக்கும் மரம் இதுதான் என்று தெரிந்ததும் பணப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதன் தாழ்ந்த கிளை தரைக்கு இணையாக நெடுந்தூரம் நீண்டிருப்பதால் கீழே தாங்குதூண் கொடுத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மக்கள் அதில் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது சுற்றிலும் வேலி இருக்கிறது. சிலர் அதற்காக வருத்தப்படுவதுண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் நீரும் இறங்காது என்பதை மண்ணைக் கிளறிப் பார்த்தவனாக நான் அறிவேன். அந்த வேலி வேண்டியதுதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியதோ ரப்பர் மரம். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இங்கிலாந்தின் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த நாற்றுகளில் சில 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. 11 நாற்றுகள் இந்தப் பூங்காவில் நடப்பட்டன. நாங்கள் வாழ்ந்த தோட்டங்களின் பால்மரங்களுக்கெல்லாம் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று தெரிந்த நாளில் எனக்கு வேலை ஓடவில்லை.

1888-இல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டறிந்தார். கோடரியால் கண்டபடி கொத்திப் பால் வடித்தால் மரம் விரைவில் நலிந்துவிடும். அதற்கு மாறாக, பட்டையில் சாய்வாக ஒரு வெட்டைப் போட்டு, அடுத்த முறை அதே வெட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுத்தால் பால் மீண்டும் வடியும். சீவிய இடத்தில் பட்டையும் மறுபடி வளர்ந்துவிடும். இத்தனை தெளிவாகச் சொல்லியும் அன்றைய துரைமார்கள் காப்பியை விட்டு வர மனமில்லாமல் இருந்தார்கள். பார்ப்பவர்களிடமெல்லாம் ரப்பர் விதையை நீட்டிய ரிட்லிக்குக் கிறுக்கர் என்ற பட்டப்பெயரே மிஞ்சியது. அவருடைய பேச்சைக் கேட்டு 1890-களில் மலாக்காவில் துணிந்து பயிரிட்டவர் டான் சாய் யான். பிறகு காப்பி விலை சரிந்தது, மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்டது. 1920 வாக்கில் உலகத்து ரப்பரில் பாதி மலாயாவிலிருந்து போனது. அந்த ரப்பர் காடுகளில் பால் வெட்டுவதற்குத்தான் ஆள் சேர்க்கும் மேற்பார்வையாளர்களான கங்காணிமார்கள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து எங்கள் முன்னோரை அழைத்து வந்தார்கள்.

யுனெஸ்கோ 2015-இல் இந்தப் பூங்காவை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்ததற்கு ரப்பர் ஆராய்ச்சியும் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஒரு முறையைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம். அதைத் தினமும் முந்நூறு, நானூறு மரங்களில் பிசகாமல் செய்து முடிப்பதும் பெரிய காரியம்தான். இதே பூங்காவில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் செய்த செங்கற்களால் கட்டிய படிகள் உள்ளன. சில கற்களில் தங்கள் எதிர்ப்பின் அடையாளமாக அவர்கள் பதித்த அம்புக்குறிகளை இன்றும் காணலாம். அந்தப் படிகளைப் பெருக்கும்போது என் துடைப்பம் தானாக மெதுவாகிவிடும். பெயர் தெரியாத கைகளின் தடம் இப்படி எங்கேயாவது தங்கிவிடுவது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில் அம்மாவை அழைத்து வந்தேன். ஆர்க்கிட் தோட்டத்தைக் காட்டினேன். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். ரப்பர் மரத்தடிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அடிமரத்தில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழ் வரை அந்தச் சாய்வின் மேல் கட்டைவிரலை இழுத்தார். பால் ஓடும் நாளங்கள் நேராக இல்லாமல் சற்றே சாய்ந்திருப்பதால் அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகமானவை அறுபடும் என்று நான் படித்திருந்தேன். அம்மா அதை விரலால் அறிந்திருந்தார். ஓரிடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக இருந்தது. அங்கே விரல் நின்றது.

“இங்க வெட்டு ஆழமாப் போயிருக்கு. உள்மரத்தத் தொட்டுட்டாங்க. காயம் ஆறினாலும் இந்த எடத்துல இனிமே பால் சரியா வராது, தம்பி.”

பால் வெட்டுவதை விட்டு 20 ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் கண் மாறவில்லை. கீழே, வெடித்துச் சிதறிய காயின் புள்ளி போட்ட கொட்டைகள் இரண்டு கிடந்தன. குனிந்து எடுத்தார். சின்ன வயதில் கல்லில் தேய்த்துச் சூடாக்கி ஒருவர் கையில் ஒருவர் வைத்து விளையாடிய கொட்டைகள் அவை. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்றும், அதைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான் என்றும் சொன்னேன். அம்மா தலையசைத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, வேரின் இடுக்கில் ஈர இலைகளை விலக்கி, இரண்டையும் அங்கே வைத்தார்.