நான்கு கோப்புகள்: அக்டோபர் 2025 நாட்குறிப்பு

அக்டோபர் 1, புதன்கிழமை

ஆயுத பூஜை என்பதால் கம்பெனியில் நண்பகலோடு வேலையை முடித்துவிட்டார்கள். ஓவர்லாக் இயந்திரங்களுக்கும் கட்டிங் மேசைக்கும் பொட்டு வைத்த கையோடு கணக்குப் பிரிவின் கணினிகளுக்கும் சந்தனம் தடவி, ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் பாப்பாவின் பாடப் புத்தகங்களோடு என் மடிக்கணினியையும், வெளிவேலையாக நான் ஜிஎஸ்டி கணக்கு எழுதிக்கொடுக்கும் சிறு வியாபாரிகளின் நான்கு கோப்புகளையும் சாமி முன்னால் அடுக்கினேன். மாலையில் ஒரு பில்லைச் சரிபார்த்துவிடலாம் என்று கையை நீட்டியபோது அத்தை தடுத்துவிட்டார். "பூசையில வெச்சதத் தொடப்படாது அம்மிணி. நாளைக்கு மறுபூசை முடிஞ்சு எடுத்துக்க." ஆண்டுக்கு ஒரு நாள் எனக்குச் சட்டப்படி கிடைக்கும் ஓய்வு இது. கைபேசியைப் பூஜையில் வைக்க மறந்துவிட்டதால் பில் படங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

இந்த மாதத்தை நினைத்தால் இப்போதே சற்று அச்சமாக இருக்கிறது. குழந்தைகளுக்கான கவுன் தைத்து விற்பவருக்கு மாதாந்திரக் கணக்கு என்பதால் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் படிவமான 3பி. பவர் டேபிள் என்னும் கூலித் தையல் யூனிட் வைத்திருக்கும் அண்ணனுக்கும், காஜா பட்டன் தைத்துக்கொடுக்கும் அக்காவுக்கும் காலாண்டுக் கணக்கு, 13ஆம் தேதியும் 22ஆம் தேதியும். மளிகைக் கடைக்காரர் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் அவருக்கு 18ஆம் தேதி. நடுவில் 20ஆம் தேதியன்று தீபாவளி. போதாதென்று செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறியிருப்பதால், ஒரே மாதத்தின் பில்களுக்கு இரண்டு விதமான கணக்கு.

அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை

காலாண்டு விடுமுறையின் கடைசி நாள். பாப்பாவை அவிநாசி கோயிலுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தேன், போகவில்லை. அதற்குப் பதிலாக அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பில்களை உரக்கப் படித்தாள். பில் எண், தேதி, மொத்தத் தொகை ஆகியவற்றை அவள் சொல்லச் சொல்ல, டேலி கணக்கு மென்பொருளில் பதிந்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று நான் பார்ப்பது எங்கள் வழக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பவர் டேபிள் அண்ணனின் கையெழுத்தில் 1 எது, 7 எது என்று என்னைவிட நன்றாகத் தெரிகிறது. இதைப் பெருமையாக நினைப்பதா, வெட்கப்படுவதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

இந்த வெளிவேலை ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டதல்ல. 2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது என் வீட்டுக்காரர் ஒரு பட்டறையில் டையிங் மாஸ்டருக்கு உதவியாளராக இருந்தார். மாதக்கணக்கில் வேலை இல்லை. என் ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்று தெரிந்ததும், தெரு முனை மளிகைக் கடைக்காரருக்கு மதிப்புக் கூட்டு வரியான வாட் கணக்கு எழுதிக்கொடுக்கத் தொடங்கினேன். பட்டறைகள் கழிவுநீரை முழுவதும் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு படிப்படியாகத் திறந்தன, அவருக்கும் வேலை திரும்பியது, 2017 ஜூலையில் வாட் போய் ஜிஎஸ்டி வந்தது. ஆனால் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. இன்று நால்வரிடமிருந்தும் சேர்த்து மாதம் 5,700 ரூபாய் வருகிறது. அதில் 5,000 சீட்டுக்குப் போகிறது. ஒரு தொழில் ஒரே உத்தரவில் நின்றுபோவதைக் கண்ணால் பார்த்தவளுக்கு இரண்டாவது வருமானத்தைக் கைவிட மனம் வராது.

அக்டோபர் 8, புதன்கிழமை

பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகள் உத்தரம் வரை நிற்கின்றன. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்ததிலிருந்து, அங்குள்ள பையர் தள்ளுபடி கேட்டு அனுப்பும் மின்னஞ்சல்களுக்கான செலவுக் கணக்கைப் போடுவதே என் வேலையாகிவிட்டது. அதோடு தீபாவளி போனஸ் பட்டியலும் தணிக்கை வேலையும் சேர்ந்துகொண்டன. தணிக்கை அறிக்கைக்கான கடைசி நாளைச் செப்டம்பர் 30லிருந்து அக்டோபர் 31க்குத் தள்ளிவைத்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். தேதி தள்ளிப்போனால் வேலையும் கூடவே தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது இப்போதுதான் புரிகிறது.

கவுன்காரர் இன்னும் பாதி பில்களை அனுப்பவில்லை.

அக்டோபர் 11, சனிக்கிழமை

வியாழக்கிழமை இரவிலிருந்து பாப்பாவுக்குக் காய்ச்சல். அவருக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். அத்தைதான் பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டார். நேற்று ஏழு மணிக்குக் கம்பெனியிலிருந்து கிளம்பி, அனுப்பர்பாளையம் வந்து சேர்வதற்குள் கவுன்காரரிடமிருந்து முப்பத்தோரு படங்கள் வந்திருந்தன. சில படங்களில் பில் புத்தகத்தின் மேல் அவருடைய கட்டைவிரலும் சேர்ந்து பதிவாகியிருந்தது. பாப்பாவின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றுவதும் ஒரு பில்லைப் பதிவதுமாக இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. படித்துக்காட்ட ஆள் இல்லாததால் தொகைகளை நானே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஓடிபி கேட்டு அவரை அழைத்தேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த ஓடிபியின் அருமை தெரியாது. கணக்கு முழுவதையும் நான் போட்டுமுடித்தாலும் கடைசியில் உறுதிப்படுத்தும் எண் முதலாளியின் கைபேசிக்குத்தான் போகும். பத்து நிமிடங்களுக்குள் அவர் அதைப் பார்த்துச் சொல்லாவிட்டால் மறுபடியும் கேட்க வேண்டும். என்னுடைய ஓய்வு நேரமும் இன்னொருவர் விழித்திருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தால்தான் வேலை முடியும். மூன்றாவது அழைப்பில் எடுத்தார். எண்ணைச் சொல்லிவிட்டு, "இவ்வளவு நேரங்கழிச்சுக் கூப்படறீங்களே மேடம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கட்கிழமை

காஜா பட்டன் அக்காவின் கணக்கை விடியற்காலை 5:10க்கு முடித்தேன். அக்கா அந்நேரத்தில் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார் என்பதும், கைபேசியை இடுப்பில் செருகியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். முதல் மணியிலேயே எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாக இரண்டு முறை சொன்னார். அவர் இரண்டு மாதமாகப் பணம் தரவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். பவர் டேபிள் அண்ணனுக்கு இரவு பத்து மணிக்கு. ஒன்றரை ஷிப்ட் முடிந்து இயந்திரங்களை நிறுத்திவிட்டுத்தான் அவர் பேசுவார்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இட்லி கேட்டாள்.

அக்டோபர் 16, வியாழக்கிழமை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவித்திருக்கிறார்கள். மாலையில் நல்ல மழை.

இரவு பாப்பா தானாகவே வந்து, "அன்னைக்கு நான் படிக்கல இல்லம்மா, இப்பப் படிக்கட்டுமா?" என்று கேட்டாள். கணக்கை அனுப்பியாகிவிட்டது, தேவையில்லை என்று சொல்ல வந்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். பதினான்காவது பில்லில் அவள் "மொத்தம் 51,520" என்றாள். திரையில் 48,300 என்று இருந்தது.

செப்டம்பர் 19ஆம் தேதியிட்ட பில் அது. உருப்படி 1,150 ரூபாய் வீதம் நாற்பது கவுன்கள், ஈரோட்டுக் கடை ஒன்றுக்கு விற்றது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைகளுக்கு அதுவரை 12 சதவீதம். 22ஆம் தேதி முதல்தான் 2,500 ரூபாய் வரையிலான எல்லாவற்றுக்கும் 5 சதவீதம். டேலியில் புதிய விகிதத்தை மாற்றியபோது, அது நடைமுறைக்கு வரும் நாளை 22-9 என்று போடுவதற்குப் பதிலாக 1-9 என்று போட்டிருக்கிறேன். அவருடைய மற்ற கவுன்கள் எல்லாம் ஆயிரத்துக்குக் கீழே என்பதால் இந்த ஒரு பில்லில் மட்டும் 3,220 ரூபாய் வரி குறைந்துவிட்டது. அவர் கையால் எழுதிய பில்லில் 5,520 ரூபாய் வரி சரியாகவே இருக்கிறது. தவறு முழுக்க என்னுடையது.

கடந்த ஆண்டு ஜிஎஸ்டிஆர்-1ஏ என்று ஒரு படிவம் வந்தது. அனுப்பிய ஜிஎஸ்டிஆர்-1இல் பிழை இருந்தால், அதே மாதத்தின் 3பியை அனுப்புவதற்கு முன்பாக ஒரு முறை இதில் திருத்திக்கொள்ளலாம். அது இல்லாத காலமாக இருந்தால் இப்பிழையோடு அடுத்த மாதம் வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். இருந்தாலும் ஈரோட்டுக் கடைக்காரருக்குத் திருத்திய தொகை அடுத்த மாதத்து 2பி என்னும் வரி வரவு அறிக்கையில்தான் தெரியும். வரவு குறைகிறதே என்று அவர் கவுன்காரரைக் கேட்பார், கவுன்காரர் என்னைக் கேட்பார். பாப்பா "நான் கண்டுபிடிச்சேன்" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் இதைச் செய்தேன் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது, 3,220 ரூபாய் அல்ல.

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை

பிழையைப் பற்றிக் காலையிலேயே குறுஞ்செய்தி அனுப்பியிருந்ததால், வேலை நேரத்தில் கவுன்காரர் மூன்று முறை அழைத்தார். மூன்றாவது முறை மேலாளர் என் மேசைக்கருகில் நின்றிருந்தார். வெளிக்கணக்கு எழுதுவதை நான் அவரிடம் மறைத்ததில்லை. "கம்பெனி நேரம் கம்பெனிக்கு, மத்தது உங்க இஷ்டம்" என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார். இன்று ஒன்றும் சொல்லாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை

நேற்று சம்பளமும் போனஸும் கொடுத்து முடிக்க இரவு ஒன்பது ஆயிற்று. தென்மாவட்டத்துப் பிள்ளைகள் கையில் கவரை வாங்கிய உடனே பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள். மளிகைக் கடைக்காரரின் கணக்கை விடியலிலேயே அனுப்பியிருந்ததால் அந்தக் கவலை இல்லை. கவுன்காரரின் திருத்தத்தை நள்ளிரவுக்குச் சற்று முன்பு அனுப்பினேன். அவர் விழித்திருந்தார், குமரன் சாலையில் தீபாவளி வியாபாரம்.

இன்று காலை கைபேசியைத் திறந்தால், 3பிக்கான கடைசி நாளை 25ஆம் தேதி வரை நீட்டித்து, நேற்றைய தேதியிட்ட அறிவிக்கை வந்திருக்கிறது. மாதாந்திரக்காரர்களுக்கும் காலாண்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். தீபாவளி எந்தத் தேதியில் வரும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் அச்சிட்டிருக்க, கடைசி நேரத்தில் ஏன் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றினாலும், கிடைத்ததை வாங்கிக்கொண்டேன். மதியம் அவரும் நானும் பாப்பாவும் சேர்ந்து அதிரசம் சுட்டோம். எனக்கு ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை, அவருக்கு வந்தது. சாயத்தின் பதம் பார்க்கிற கைக்குப் பாகுப் பதம் தெரியாதா என்று அத்தை தன் மகனை மெச்சிக்கொண்டார்.

அக்டோபர் 20, திங்கட்கிழமை

தீபாவளி. மடிக்கணினியைத் திறக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை

ஊரே காலியாகக் கிடக்கிறது. தையல் ஆட்கள் திரும்பி வர ஒரு வாரமாவது ஆகும் என்றாலும், தணிக்கை வேலைக்காகக் கணக்குப் பிரிவை மட்டும் வரச்சொல்லிவிட்டார்கள். சாலையில் கூட்டம் இல்லாததால் ஆறரை மணிக்கே வீட்டுக்கு வந்து, மூன்று 3பிகளையும் இரவுக்குள் முடித்தேன்.

பிறகு வீட்டுக்காரரிடம், யாராவது ஒருவரை விட்டுவிட வேண்டும் என்றேன். அவர் உடனே, "காஜா அக்காவ விட்டுரு, காசே வரதில்ல" என்றார். கணக்குப்படி அது நியாயமே. ஆனால் நான் ஒரு தாளில் வேறு கணக்கு ஒன்றைப் போட்டுக்காட்டினேன். அக்காவின் பில்கள் ஒவ்வொரு மாதமும் 2ஆம் தேதிக்குள் வந்துவிடும். ஓடிபிக்கு ஒரு நிமிடம். வேலை நேரத்தில் ஒருநாளும் அழைத்ததில்லை. கவுன்காரர் மாதம் தவறாமல் 2,500 ரூபாய் அனுப்புகிறார். ஆனால் இந்த மாதத்தில் நான் விழித்திருந்த இரவுகளில் பெரும்பாலானவை அவருக்காகத்தான், மேலாளர் கடிகாரத்தைப் பார்த்ததும் அவரால்தான். வீட்டுக்காரர் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சீட்டுக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்டார். அதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை.

அக்டோபர் 30, வியாழக்கிழமை

தணிக்கை அறிக்கைக்கான நாளை நவம்பர் 10 வரை மீண்டும் தள்ளிவைத்திருக்கிறார்கள். கணக்குப் பிரிவில் இந்த முறை யாரும் மகிழவில்லை.

மாலையில் கவுன்காரரிடம் பேசினேன். அக்டோபர் மாதக் கணக்கை நவம்பரில் முடித்துக்கொடுத்து, டேலி கோப்பையும் ஒப்படைத்துவிடுகிறேன், அதற்குள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "தப்பு நடந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்களே மேடம்" என்றார். உண்மைதான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு, "மூவாயிரமா வாங்கிக்கங்க" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தேன். பில்கள் 3ஆம் தேதிக்குள் வருமா என்று கேட்டேன். "அது யாவாரத்தப் பொறுத்ததுங்க" என்றார். அந்தப் பதிலில் இருந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

எட்டு மணிக்குக் காஜா அக்கா வீட்டுக்கே வந்தார். தரவேண்டிய 2,000 ரூபாயை நூறு ரூபாய்த் தாள்களாக, மெஷின் எண்ணெய் வாசனையோடு, பாப்பாவின் கையில் கொடுத்தார். பாப்பா பில் படிக்கிற அதே குரலில் இருபது வரை உரக்க எண்ணினாள். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தவர், தன் நாத்தனார் அயர்னிங் யூனிட் ஒன்று ஆரம்பித்திருப்பதாகவும், கணக்கு எழுத நம்பிக்கையான ஆள் கிடைக்காமல் தவிப்பதாகவும் சொன்னார். "பில்லெல்லாம் நேரத்துக்கு வந்துருங்களா அக்கா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. பாப்பா எண்ணிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.