அப்பாவின் பெயரிலிருந்து அம்மாவின் பெயருக்கு: பி.எம். கிசான் தவணை வந்த வழி

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதங்களுக்கு ஒரு தவணையாக 2,000 ரூபாய் வீதம் விவசாயியின் வங்கிக் கணக்கில் வரவாகிறது. அப்பா இருந்தவரை அது தவறாமல் வந்தது. அவர் காலமான பின் அம்மாவின் பெயரில் அதைப் பெற நாங்கள் அலைந்த அலைச்சலில் பெரும்பகுதிக்கும் நிலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

2019 பிப்ரவரி 1ஆம் தேதியன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்கே இத்திட்டத்தில் தகுதி உண்டு. அதன்பின் நிலத்துக்கு உரிமையாளரானவர்களில், உரிமையாளர் இறந்து நிலம் வந்து சேர்ந்த வாரிசுகளுக்கு மட்டும் இந்தத் தேதி விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. எனவே முதலில் இறப்புச் சான்றிதழ், அதைக் காட்டி வாரிசுச் சான்றிதழ், அதைக் காட்டிப் பட்டா மாறுதல் என்ற வரிசையில்தான் போயாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியர் ஒப்புதல் கிடைத்தது. பட்டா, அம்மாவோடு பிள்ளைகள் பெயர்களும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக வந்தது. இதற்கிடையில் அப்பா இறந்த செய்தியை வட்டார வேளாண் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அவர் பெயரை நீக்கச் செய்தோம். இல்லாவிட்டால் இறப்புக்குப் பின் வந்த தவணைகளைத் திருப்பிக் கட்ட நேரும்.

சிட்டாவையும் ஆதாரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அம்மாவின் விண்ணப்பத்தை வேளாண் அலுவலகத்தில் ஏற்றார்கள். 2020இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாதவர்களை இத்திட்டத்தில் சேர்த்த மோசடி வெளிப்பட்டு, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை போனதை அறிந்தவர்களுக்கு இந்தக் கெடுபிடி வியப்பளிக்காது. எனக்கும் அதில் குறையில்லை.

அடுத்து இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது. களை பறித்தும் நாற்று நட்டும் தேய்ந்த விரல்களை அம்மா கருவியில் மாற்றி மாற்றி வைத்தார். ஒரு விரலின் ரேகையும் பதியவில்லை. அவருடைய ஆதாரில் கைப்பேசி எண் இணைக்கப்படாததால் ஓ.டி.பி. பெறவும் வழியில்லை. கடைசியில் பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி கைகொடுத்தது. வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் முதலிலேயே இதைக் கேட்பது நல்லது.

எல்லாம் சரியென்று இணையதளம் காட்டியும், கொடுத்த கணக்கில் பணம் ஏறவில்லை. ஆதார் வழியாக அனுப்பப்படும் தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்கைப் பார்த்துப் போவதில்லை, வங்கிகளுக்கிடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த ஆதாருக்கு நேராகக் கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் போகும். அம்மாவுக்கு அது, நூறு நாள் வேலைக் கூலிக்காக எப்போதோ தொடங்கிப் பின்னர் பயன்படுத்தாமல் விட்ட கணக்கு. இதைக் கண்டுபிடித்துச் சொல்ல எந்த அலுவலகத்திலும் ஆளில்லை. வேளாண் அலுவலகம் வங்கியைக் காட்டியது, வங்கி வேளாண் அலுவலகத்தைக் காட்டியது. ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம் என்று சொன்னவர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் பெண்தான். நடப்பிலுள்ள கணக்கு இருக்கும் வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்த பிறகு அடுத்த தவணை அந்தக் கணக்குக்கே வந்தது.

இப்போது விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணும் கேட்கிறார்கள். அதற்கும் அதே சிட்டா, அதே ஆதாரோடுதான் போக வேண்டும்.