எந்தக் கணக்குல போச்சு?

காலாண்டு விடைத்தாளைக் கொடுத்த மறுநாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே, எந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். 35-க்குக் கீழே வாங்கிய பிள்ளைகளில் சிலர் வர மாட்டார்கள். காய்ச்சல், வயிற்றுவலி, குன்றக்குடிக்கு நேர்த்திக்கடன் என்று இரண்டு நாள் கழித்து ஒரு காரணம் வரும். வந்தவர்களிலும் சிலர் கையெழுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். வேறு சிலர் கூடப் படிப்பவனை விட்டு அப்பாவின் கையெழுத்தைப் போட வைத்து எடுத்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டுவார்கள். அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. இந்தப் பிள்ளை வீட்டில் இந்தத் தாளைக் காட்ட இவ்வளவு பயப்படுகிறதே என்றுதான் தோன்றும்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில், அரசுப் பள்ளிகளில் கணக்கு எடுக்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள். இந்தப் பக்கத்தில் மற்ற பாடத்தில் ஃபெயிலானால் ஒரு மாதிரி, கணக்கில் ஃபெயிலானால் வேறு மாதிரி. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வட்டிக்கடை வைத்துப் பர்மாவிலும் மலாயாவிலும் பேரேடு எழுதிய ஊர்கள் இவை. அந்தப் பெருமை சமூகம் தாண்டி எல்லா வீட்டுக்குள்ளும் இருக்கிறது. கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கூட, “செட்டிநாட்டுல பொறந்துட்டுக் கணக்கு வரலைன்னா வெளிய சொல்ல முடியுமா சார்?” என்று கேட்பார். இன்னொரு பக்கம் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, அடுத்த வருடமே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். “அவ்வளவு பெரிய மனுசன் காலேஜ் கட்டிக் கொடுத்த ஊருல, உனக்கு முப்பத்தஞ்சு வாங்கத் துப்பில்லையா?” என்று வராந்தாவில் நின்று பிள்ளையைக் கேட்ட அப்பாக்கள் உண்டு.

அந்தப் பேச்சு எனக்கு வருத்தமாக இருக்கும். பர்மாக் கடைக்குப் போன பையன் போன அன்றே மேலாளாக உட்காரவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, வருடக்கணக்கில் கணக்குப் பழகித்தான் மேலே வந்தான். பெருமையைச் சொல்கிறவர்கள், அவனுக்குக் கொடுத்த அந்தக் காலத்தைச் சேர்த்துச் சொல்வதில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற அப்பாக்களிடம் நான் அதிகம் கேட்ட வாசகம் இதுதான்: “கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிருங்க சார், நான் ஏன்னு கேக்க மாட்டேன்.” ஆசிரியர் மேல் உள்ள நம்பிக்கையில் சொல்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதைச் சொல்லும்போது பிள்ளை பக்கத்தில் நிற்கிறது. பள்ளியில் ஓர் ஆள், வீட்டில் ஓர் ஆள் என்றிருந்த பிடிமானத்தில் ஒன்று அங்கேயே போய்விடுகிறது. நான் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் அடிக்க மாட்டேன், அடி வாங்கிய பிள்ளைக்கு அடுத்த தேர்வில் வகுத்தல் வந்துவிடாது.

சரி, பெற்றோரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுக்கு இந்த மார்க் ஏன் இவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதையும் பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் அதே கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் நிறுத்தி வைக்கலாமா என்பதை மாநிலங்களின் முடிவுக்கு விட்ட பிறகும், தமிழ்நாடு பழைய முறையிலேயே இருக்கிறது. அது சரியான முடிவு என்பதே என் கருத்து. பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தி வைத்தால் அது ஆடு மேய்க்கவோ தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளவோ போய்விடும், திரும்பி வராது. ஆனால் இதனால் ஒன்று நடக்கிறது. எட்டு வருடம் ‘பாஸ்’ என்றே பார்த்துவந்த பெற்றோர், ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் திடீரென்று கணக்கில் 19 என்று பார்க்கிறார்கள். நேற்றுவரை நன்றாகப் படித்த பிள்ளை இன்று கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறார்கள். உடனே காரணமும் கிடைத்துவிடுகிறது: போன். போன் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த நாட்களில் மூன்றாவது, நான்காவது படித்த பிள்ளைகள்தான் வளர்ந்து என் வகுப்புக்கு வந்தார்கள். தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கொஞ்சம் பிடித்தார்கள், ஆனாலும் நெடுவகுத்தலும் பின்னமும் பலருக்கு நழுவிப்போனது போனதுதான். ஒன்பதாம் வகுப்பில் தெரிகிற 19, பல வருடத்துக்கு முன்னால் தொடங்கியது. இதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொன்னால் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது. பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் அப்பா இருக்கும் வீடுகளின் கதை வேறு. எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆள் போகாத தெரு கிடையாது. மார்க் அட்டையை அம்மா வாட்ஸப்பில் அனுப்புவார். சிங்கப்பூரில் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, வேலை முடிந்து படுக்கப் போகிற நேரத்தில் அப்பா அதைப் பார்ப்பார். வீடியோ காலில் முதல் திட்டு பிள்ளைக்கு விழாது, அம்மாவுக்கு விழும். “நான் இங்க வெயில்ல கெடந்து அனுப்புறேன், ஒரு புள்ளையப் பாத்துக்க உனக்கு என்ன நோவு?” அந்த அம்மா மறுநாள் பள்ளிக்கு வந்து என்னிடம், “அடுத்த பரீச்சைக்கு ஒரு முப்பத்தஞ்சு போட்டு விட்டுருங்க சார், வீட்டுல நிம்மதி போச்சு” என்று அழுவார். மார்க்கைக் கூட்டிப் போடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற கெடுதல் என்று அவரிடம் சொல்லத்தான் வேண்டும், அதை நின்றபடியே சொல்லக் கூடாது, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த அப்பாவின் எண்ணை வாங்கி, நானே விடைத்தாளின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புவேன். மொத்த மார்க்கை மட்டும் பார்த்தவருக்கும், பக்கம் பக்கமாகப் பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்தவருக்கும் பேச்சில் வித்தியாசம் இருக்கிறது. “இந்தக் கணக்கெல்லாம் நல்லாத்தானே போட்டிருக்கான் சார்?” என்று கேட்ட ஓர் அப்பா உண்டு. துபாயில் கம்பி கட்டும் வேலை பார்ப்பவர். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் மகனைப் போனில் ஒரு கணக்காவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

மார்க்கைப் பார்ப்பது வேறு, தாளைப் பார்ப்பது வேறு. தாளைப் பார்க்கிற வீட்டுப் பிள்ளைகள் தேறி வருகிறார்கள். கத்தினாலும் கொஞ்சினாலும், தாளைத் திறக்காத வீட்டில் பெரும்பாலும் மாற்றம் வருவதில்லை. ‘எவ்வளவு?’ என்பதோடு நின்றுவிட்டால் பிள்ளைக்குச் சொல்ல எதுவும் இருக்காது, தலையைத்தான் குனியும். ‘எந்தக் கணக்குல போச்சு?’ என்று கேட்டால் அது வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. மொத்தம் 100. அந்த எட்டு மதிப்பெண் கேள்விகளில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டும் கையால் வரைந்து பழகுகிறவை. 16 மதிப்பெண் அங்கேயே இருக்கிறது. ஒரு மதிப்பெண் கேள்விகள் பெரும்பாலும் புத்தகப் பயிற்சியிலிருந்தே வரும். முதல் பாடமான உறவுகளும் சார்புகளும் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் பிடிபடும். 22 வாங்கிய பிள்ளை 35-ஐத் தாண்ட வானத்தை வளைக்க வேண்டியதில்லை. எங்கே விட்டோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதைப் பெற்றோரிடம் இப்படிப் பிரித்துச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் போதும். கேட்டவர்கள் முகம் மாறும். ‘என் பிள்ளை மக்கு’ என்று வந்தவர், ‘வரைபடம் பழகணும்’ என்று வீட்டுக்குப் போவார்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவர், மகனின் அரையாண்டுத் தாளை வாங்கி மரத்தடியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அவர் ஐந்தாவது வரை படித்தவர். கணக்கு அவருக்குப் புரியவில்லை. ஆனால் கடைசிக்கு முந்தின பக்கத்தில் கை நின்றுவிட்டது. “இது ஏன் வெறுமனே கெடக்கு?” என்று மகனைக் கேட்டார். வடிவியல் கேள்வி, வட்டத்துக்குத் தொடுகோடு வரைய வேண்டும். கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டு விட்டிருந்தான். முதலில் பேசவில்லை. அவர் விடாமல், சத்தம் போடாமல், திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் சொன்னான்: அரசு கொடுத்த கணித உபகரணப் பெட்டியில் கவராயத்தின் திருகு கழன்று போய்விட்டது. தொலைத்ததற்குத் திட்டு விழும் என்று வீட்டில் சொல்லவில்லை. கடன் வாங்கலாம் என்றால் தேர்வறையில் பேச முடியாது. எட்டு மதிப்பெண் அப்படிப் போனது. அவனுக்கு 30.

அவர் மகனைத் திட்டவில்லை. என்னிடம் சொன்னார்: “கண்ணாடி மேல அச்சை வச்சுக் கலரை ஊத்துறோம் சார். கல்லு விரிசல் விட்டா, கலவை தப்பா, தண்ணியில ஊறுனது பத்தலையான்னுதான் பாப்போம். கல்லையா அடிப்போம்?” அன்று சாயங்காலமே காரைக்குடியில் புதுக் கவராயம் வாங்கிக் கொடுத்துவிட்டார். பொதுத்தேர்வில் அந்தப் பையன் தேறினான். பெரிய மார்க் இல்லை, தேறினான்.

படிக்கத் தெரிந்தால்தான் தாளைப் பார்க்க முடியும் என்றில்லை. அப்பா அம்மா திருப்பூரில் பனியன் வேலைக்குப் போய்விட, அப்பத்தாவிடம் வளர்ந்த ஒரு பிள்ளை. அப்பத்தாவுக்குக் கைநாட்டுதான். பேத்தி ஃபெயில் என்றதும், விடைத்தாளைத் தினமும் விளக்கு வைத்த பிறகு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். எந்த இடத்தில் பேத்தி திக்கி முழிக்கிறாளோ அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்துத் தாளோடு என்னிடம் வந்து, “மடிச்ச எடமெல்லாம் முழிச்சா சார், அதை மட்டும் திரும்பச் சொல்லிக் குடுங்க” என்றார். மடித்த பக்கங்கள் எல்லாமே பின்னம் வருகிற கணக்குகள். பெரிய படிப்புப் படித்த எந்தப் பெற்றோரும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

பெண் பிள்ளை ஃபெயிலானால் வருகிற பேச்சை நினைத்தால் மனசு பதறும். பையன் என்றால் ட்யூஷனுக்கு அனுப்புவார்கள், மறுபடி எழுதச் சொல்வார்கள். பெண் என்றால், “போதும் சார், மில்லுக்கு அனுப்பிரலாம்” என்பார்கள். இல்லையென்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். 18 வயதுக்கு முன்னால் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்று தெரிந்தவர்களே பேசுகிறார்கள். ஒரு பாடத்தில் போன ஐந்து மார்க்குக்காக ஒரு பெண்ணின் படிப்பு முழுதும் போவதை என்னால் ஏற்கவே முடியாது. மே மாதம் ரிசல்ட் வந்த அன்றே இப்படிப்பட்ட வீடுகளுக்கு நேரில் போய்விடுவேன். துணைத்தேர்வு உண்டு, போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும், பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம், தேறினால் இந்த வருடமே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம் என்று சொல்ல வேண்டும். இது தெரியாமலேயே முடிவெடுக்கிற பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள்.

ரிசல்ட் அன்றைக்கு இன்னொன்றும் சொல்வேன். பிள்ளையைத் தனியாக விட வேண்டாம். திட்டுவதாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது, பக்கத்து வீட்டு மார்க்கை விசாரிப்பதை நாமும் நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளை பேசாமல் ஒடுங்கிக் கிடந்தால் மருத்துவ உதவி எண்ணான 104-க்கும் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-க்கும் போன் செய்யலாம்.

இன்னொரு வகை உண்டு, அதைத் தவறவிடக் கூடாது. எவ்வளவு முயன்றாலும் எழுத்து குழம்புகிற, எண்ணைத் திருப்பிப் போடுகிற பிள்ளைகள். வீட்டில் ‘மந்தம்’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். கற்றல் குறைபாடு என்று மருத்துவச் சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆளும் உண்டு. கரும்பலகை சரியாகத் தெரியாமல் ஃபெயிலாகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கண்ணாடி போட்டதும் மார்க் ஏறும்.

இப்போதெல்லாம் காலாண்டுக் கூட்டத்தில் நான் மார்க் பட்டியலை வாசிப்பதில்லை. பெற்றோரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார வைத்து, விடைத்தாளைக் கையில் கொடுத்துவிடுகிறேன். பிள்ளை பக்கம் பக்கமாக விளக்க வேண்டும், அவர்கள் கேட்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகலில் வர வழியில்லை என்பதால், ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணி வரை வகுப்பைத் திறந்து வைக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். புதுவயல் அரிசி ஆலையிலிருந்து வேலை முடிந்து நேராக வருகிறவர்கள், தவிட்டுத் தூசியைத் தட்டிவிட்டு உட்காருகிறார்கள். வராத வீடுகளின் பட்டியலும் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை அந்த வீடுகளுக்குத் தாளை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.