ட்ரெட்மில் சோதனையும் கொழுப்பு மாத்திரையும்: டர்பனில் நான் முடிவெடுத்த விதம்

நெஞ்சுவலி எதுவும் இல்லாத எனக்கு, ரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதைக் கண்ட தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் மருத்துவர் இரண்டு யோசனைகள் சொன்னார்: ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தின் மின்பதிவைப் பார்க்கும் ட்ரெட்மில் ஈசிஜி எடுக்கலாம், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கலாம். இரண்டுக்கும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: என்னைப் போன்றவர்களில் எத்தனை பேருக்கு இதனால் என்ன கிடைக்கும்?

பல ஆய்வுகளைத் தொகுத்த 1989ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, இதயக் குழாயில் அடைப்புள்ளவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினரை ட்ரெட்மில் கண்டுபிடிக்கிறது. அடைப்பில்லாதவர்களில் 77 விழுக்காட்டினருக்குக் குறையில்லை என்று சரியாகக் காட்டுகிறது. என் நிலையில் உள்ள பத்தில் ஒருவருக்கு அடைப்பு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, மருந்துச்சீட்டின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டோம். ஆயிரம் பேரில் அடைப்புள்ள நூறு பேரில் 68 பேருக்கும், அடைப்பில்லாத 900 பேரில் 207 பேருக்கும் கோளாறு என்றே முடிவு வரும். அதாவது, பயந்துபோய், இதயக் குழாய்க்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் வரை செல்லக்கூடிய 275 பேரில் நால்வருக்கு ஒருவர்தான் உண்மையான நோயாளி. படியேறும்போது நெஞ்சு இறுகும் ஒருவருக்கு இதே சோதனை வேறு பொருள் தரும், ஏனெனில் அவருக்கு அடைப்பு இருப்பதற்கான வாய்ப்பு தொடக்கத்திலேயே அதிகம். எனக்கு வேண்டாம் என்றேன், மருத்துவரும் வற்புறுத்தவில்லை.

மாத்திரை விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. மேற்கு ஸ்காட்லாந்தில் மாரடைப்பு வந்திராத 6,595 ஆண்களிடம் பிரவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைச் சோதித்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பும் இதயநோய் மரணமும் 31 விழுக்காடு குறைந்தன. கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் சுமார் ஐந்தாண்டுகளில் அது 7.9 விழுக்காடு 5.5 ஆனதைத்தான் குறிக்கிறது. ஒருவரை இவற்றிலிருந்து காப்பாற்ற ஏறத்தாழ 42 பேர் அத்தனை ஆண்டுகள் மாத்திரை விழுங்க வேண்டும்.

அவர்களோ ஸ்காட்லாந்துக்காரர்கள், ரத்தத்தில் சராசரிக் கொழுப்பு லிட்டருக்கு 7 மில்லிமோல். எனக்கு அதைவிடக் குறைவு. மறுபக்கம், இந்திய வம்சாவளியினருக்கு இதயநோய் இளவயதிலேயே வருகிறது, என் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது. ஆபத்து கூடுதலாக உள்ளவருக்கே அதே 31 விழுக்காட்டின் பலனும் கூடும் என்பதால், நான் மாத்திரையின் பக்கமே சாய்ந்தேன்.

தசைவலி வரும் என்று மைத்துனர் எச்சரித்தார். பக்கவிளைவு என்று சொல்லி ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், உண்மை மாத்திரையில் தெரிந்த தொல்லையின் 90 விழுக்காடு மருந்தில்லாத வெற்று மாத்திரையிலும் தெரிந்தது. அதைச் சொன்னேன், அவர் நம்பவில்லை. வலி வந்தால் மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி, மீண்டும் தொடங்கிப் பார்ப்பதென்று மருத்துவருடன் பேசி வைத்திருக்கிறேன்.